ராயபுரம் கண்காட்சியும் எர்ணாவூர் வரை போன கண்டெய்னரும்

போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை வேலூரிலிருந்து ராயபுரம் போய் வந்தேன். காரணம் மேகலா. கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். திருவொற்றியூர் குப்பத்துப் பெண். வீட்டில் எல்லோருக்கும் கடல் தொழில், இவள் மட்டும் ஓவியம் படித்தாள். வட மாவட்டக் கலைஞர்களின் சோதனை முயற்சிகளுக்கென்று ராயபுரத்தில் ஒரு கண்காட்சி. அதற்குத் தேர்வானவர்களில் இவளும் ஒருத்தி. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நடுவர்கள் மூன்று பேர் சுற்றிப் பார்த்து ஒருவருக்குப் பரிசு தருவார்கள். பரிசு, ஒரு வருடத்துக்கு வேலை செய்ய ஒரு கூடம். மேகலா இப்போது வேலை செய்வது அண்ணன் வீட்டு மொட்டை மாடியில், மீன் பெட்டிகளுக்கு நடுவே. அதனால் இந்தப் பரிசு அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும்.

சென்ட்ரலிலிருந்து ஐந்து கிலோமீட்டர்தான். ஆனால் அழைப்பிதழில் ‘பழைய கிடங்கு, ராயபுரம்’ என்று மட்டும் போட்டிருந்தார்கள். ஆட்டோக்காரர் வாங்கிப் படித்துவிட்டு, “எந்த கொடோனும்மா? இங்க அல்லாமே பழைய கொடோனு தான்” என்றார். நியாயமான கேள்வி. நூற்றைம்பதுக்குப் பேசி ஏறி, நான்கு தெரு சுற்றி, இருநூறு கொடுத்து இறங்கினேன்.

உள்ளே முற்றத்தில் மேகலா வெறுந்தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கண்டெய்னரக் காணோம்டி” என்றாள்.

அவளுடைய படைப்பே அந்தக் கண்டெய்னர்தான். கழித்துப் போட்ட இருபதடிப் பெட்டி ஒன்றை ஒரு கண்டெய்னர் யார்டில் இரவல் வாங்கி, உள்ளே முழுக்கக் கறுப்படித்து, ஒரு பக்கச் சுவரில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓட்டை போட்டிருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு நின்றால் வெளியே நடப்பதெல்லாம் எதிர்ச் சுவரில் தலைகீழாக, நிறத்தோடு விழும். லென்ஸ் கிடையாது, மின்சாரம் கிடையாது.

பக்கத்தில் இதே மாதிரி இன்னொரு பெட்டி நின்றிருக்கிறது. அதை எடுக்க வந்த டிரெய்லர், எண்ணில் ஒரு இலக்கம் மாறிப்போய் இவளுடையதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. வாசலில் இருந்தவர் கேட்டைத் திறந்தும் விட்டிருக்கிறார். கதர் ஜிப்பா போட்ட ஒருங்கிணைப்பாளரிடம் போனோம். “நாலு மணிக்குப் படைப்பு வளாகத்துக்குள்ள இருந்தாத்தான் நடுவர்கள் பார்ப்பாங்க. விதி அப்படி” என்றார். வளாகத்துக்குள் இருந்ததைப் பார்த்துக்கொள்வது யார் பொறுப்பு என்று கேட்டேன். அதற்கு விதி எதுவும் இல்லையாம்.

யார்டில் கெஞ்சி டிரெய்லர் ஓட்டுநரின் எண்ணை வாங்கினோம். பெயர் பாபு. “காட்டுப்பள்ளி ஆர்பருக்குப் போய்க்கினு கீறேன்மா. எர்ணாவூராண்ட செம ஜாம், வண்டி நவுரல” என்றார். போக்குவரத்து நெரிசலுக்காக நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

அந்தச் சந்தோஷம் காசிமேடு தாண்டுவதற்குள் போய்விட்டது. ஒன்பது கிலோமீட்டருக்கு ஆட்டோவில் ஒன்றரை மணி நேரம், முந்நூற்றைம்பது ரூபாய். இரண்டு பக்கமும் லாரிச் சக்கரம்தான் தெரிந்தது. கடைசியில் இறங்கி நடந்தோம். வரிசையில் நின்ற பெட்டிகளெல்லாம் ஒரே துருச் சிவப்பு. ஒவ்வொன்றின் பக்கச் சுவரையும் தடவிப் பார்த்துக்கொண்டே போன மேகலா, ஒன்றின் முன்னால் நின்றுவிட்டாள்.

பாபு இறங்கி வந்தார். தலையில் ஈரத் துண்டு. திருப்ப முடியுமா என்று கேட்டதற்குச் சலித்துக்கொள்ளக்கூட இல்லை. “இந்த எடத்துல சைக்கிளே திரும்பாதும்மா. அப்புடி இன்னாதான் கீது உள்ள? காலிப் பொட்டின்னு தான சொன்னாங்கோ.”

மேகலா ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போட்டு, நடுவர்களை இங்கே அனுப்ப முடியுமா என்று கேட்டாள். நடுவர்கள் ரோட்டில் வந்து நிற்க முடியாது என்றார். போனில் அவருக்குப் பக்கத்தில் ஒரு பெண் குரல், “எங்க இருக்கு? எர்ணாவூரா? நான் போறேன்” என்றது. நடுவர்களில் ஒருவர், புதுச்சேரியைச் சேர்ந்த சிற்பி.

அவர் வருவதற்குள் பாபு கதவைத் திறந்துவிட்டார். மூவரும் ஏறி உள்ளிருந்து சாத்திக்கொண்டோம். கொதிக்கும் இருட்டு. கொஞ்ச நேரம் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு மெல்ல, சுவரின் மேல் பாதியில் சாலை, அதில் தலைகீழாகத் தொங்கும் லாரிகள், அவற்றுக்கும் கீழே கருங்கல் குவியல், அடியில் கடல். அலை அசைந்தது.

“ஏ, அது நம்ம தாஸ் வண்டி” என்றார் பாபு. “காலியா திரும்பறான் பாரு.” ஃபோனை எடுத்து, “டேய் தாஸு, நீ தலகீழா போய்க்கினு கீறடா” என்றார்.

நாலரைக்கு மேல், கண்காட்சித் தொண்டர் ஒருவரின் ஸ்கூட்டரில் அந்த அம்மா வந்து சேர்ந்தார். அறுபதுக்கு மேல் வயது. உள்ளே ஏறிச் சுவரில் அசையும் கடலைப் பார்த்தார். பிறகு மேகலாவிடம், “வண்டி நகர்ந்தா என்ன ஆகும்?” என்று கேட்டார்.

“தெரியாதும்மா. நகர்ந்ததே இல்ல.”

அப்போதுதான் முன்னால் வழி விட்டார்கள். பாபு இறங்கி ஓடினார். பெட்டி ஒரு குலுங்கு குலுங்கியது. சுவரில் இருந்த கல்லும் கடலும் லாரியும் எல்லாமும் ஒரு பக்கமாக வழிந்து ஓட ஆரம்பித்தன. அந்த அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். முந்நூறு மீட்டர் இருக்கும், அவ்வளவுதான். வண்டி நின்றது. “மத்த ரெண்டு பேரும் இதைப் பார்க்கணும்” என்று சொல்லிவிட்டு, பின்னாலேயே வந்த ஸ்கூட்டரில் ஏறிப் போனார்.

மற்ற இரண்டு பேரும் வரவில்லை. மூவரும் மதிப்பெண் போட்டால்தான் செல்லுமாம். ஏழு மணிக்கு வேறொருவர் பெயரை அறிவித்தார்கள். தொண்டர் போனில் சொன்னபோது நாங்கள் விம்கோ நகர் மெட்ரோ வாசலில் நின்றிருந்தோம். மேகலா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“எனக்கு எடம் வேணும்டி. அந்த மாடியில இன்னொரு வருசம் என்னால ஆவாது” என்றாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பாபுவுக்குப் போன் போட்டாள். “அண்ணே, அத்த திருப்பி எடுத்தாரப்போ நானும் உள்ள ஏறிக்கினு வர்ட்டா?”

செவ்வாய்க்கிழமை அப்படித்தான் வந்திருக்கிறாள், காட்டுப்பள்ளியிலிருந்து முழுத் தூரமும் இருட்டில் நின்றுகொண்டு.

கண்காட்சி இந்த மாதக் கடைசி வரை உண்டு. நுழைவு இலவசம். போகிறவர்கள் மெட்ரோவில் போய்விட்டுக் கடைசி ஒரு கிலோமீட்டருக்கு மட்டும் ஆட்டோ பிடியுங்கள். ‘பழைய கிடங்கு’ என்று மட்டும் சொல்லாதீர்கள், துறைமுக மதிலை ஒட்டிய பச்சைக் கேட் என்று சொல்லுங்கள். தண்ணீர் எடுத்துப் போங்கள், உள்ளே கிடைக்காது. மேகலாவின் கண்டெய்னருக்குப் பிற்பகல் மூன்றுக்கு மேல் போவது நல்லது. வெயில் எதிரே உள்ள மதிலில் அடிக்கும்போதுதான் படம் தெளிவாக விழும். பார்வையாளர்களின் பாதுகாப்புக்காக என்று ஒருங்கிணைப்பாளர்கள் இப்போது உள்ளே ஒரு டியூப்லைட் மாட்டியிருக்கிறார்கள். அது எரிந்தால் கறுப்புச் சுவர்தான் தெரியும், வேறு ஒன்றும் தெரியாது. அணைக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால், சுவிட்ச் கதவுக்கு இடது பக்கம் இருக்கிறது.