சிவநேசன் அண்ணை லூர்துக்குப் போகவில்லை

அந்த ஞாயிற்றுக்கிழமை முற்பகல் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. பிரெஞ்சுப் பெண் குரல். தன் பெயர் சாந்த்ரின் என்றும், வில்லியே லே பெல் பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் சிவநேசன் அண்ணையின் குழுத் தலைவி என்றும் சொன்னார். காலையில் வாகனத்தைக் கழுவிவிட்டு வாங்கில் உட்கார்ந்தவர் அப்படியே சரிந்துவிட்டார், மாரடைப்பு, எல்லோரும் சேர்ந்து முயன்றும் முடியவில்லை என்றார். அவசரத்துக்கு யாருக்கு அறிவிப்பது என்ற படிவத்தில் என் பெயர் இருந்ததாம். பிறகு என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, இந்தக் கோடையிலும் தெற்கில் காட்டுத்தீக்குள் எங்களோடு நின்றாரே, ஒரு களைப்பும் காட்டவில்லையே என்று அழுதார்.

எந்தத் தெற்கு என்று கேட்டேன். அவர் அழுகையை நிறுத்திவிட்டு, உங்களுக்குத் தெரியாதா என்று திருப்பிக் கேட்டார்.

இப்படி ஒரே அழைப்பில் எனக்கு இரண்டு செய்திகள் வந்தன. அண்ணை இறந்துவிட்டார். அண்ணை என்னை மூன்று வருடமாக ஏமாற்றியிருக்கிறார். முதலாவதை நம்ப எனக்கு இரண்டு நாள் பிடித்தது. இரண்டாவதை அந்த இடத்திலேயே நம்பினேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரச் சொன்னவர்கள், பொய் என்ற சொல் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அது இல்லாமல் எனக்கு எழுத வராது. அவரை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ரூ து ஃபொபூர் சேன்-தெனி வீதியின் வடக்கு முனையில், லா சப்பல் சந்திக்குக் கிட்ட, ஒரு உணவகத்தில் நானும் அவரும் ஒன்பது வருடம் அடுத்தடுத்த அடுப்பில் நின்றோம். அவர் வன்னி, நான் யாழ்ப்பாணம். ஓய்வு நாட்களில் அவர் தொண்டராகத் தீயணைப்பு வேலைக்குப் போவார். பொம்பியே என்று இங்கே நாங்கள் சொல்வது. குளியலறையில் விழுந்த கிழவரைத் தூக்குவது, குளவிக் கூடு கலைப்பது, வீதி விபத்து என்று அவருக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும். தோசைக்கல் புகைந்தால் போதும், சைரனைப் போடுங்கோ அண்ணை என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அவரும் சேர்ந்து சிரிப்பார். கிடைக்கிற ஒரு ஓய்வையும் ஏன் இதில் கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள் என்று ஒருநாள் உண்மையாகவே கேட்டேன்.

"எங்கடை வீடு எரியேக்கை ஒருத்தரும் வரேல்லையடா," என்றார். "கூப்பிட்டால் ஆரோ வருவினம் எண்டு நம்பித்தான் சனம் கூப்பிடுது. அந்த ஆரோவாய் இருக்கிறது நல்லாயிருக்கு."

மூன்று வருடத்துக்கு முன்புதான் முதல் தடவையாகத் தெற்குக்குப் போனார். கோடையில் அங்கே காடுகள் பற்றும்போது இங்கிருந்தும் ஆட்களை அனுப்புவார்கள். திரும்பி வந்து லீக்ஸ் வெட்டிக்கொண்டே அந்தக் கதையைச் சொன்னார். பைன் மரங்களுக்கு நடுவே நிற்கும்போது ஹெலிகொப்டர் சத்தம் கேட்டிருக்கிறது. வன்னியில் அந்தச் சத்தம் கேட்டால் சனம் பங்கருக்குள் பாயும். இவரும் குழாயைப் போட்டுவிட்டுப் பக்கத்துப் பள்ளத்தில் பாய்ந்து, தலையைப் பொத்திக்கொண்டு குப்புறக் கிடந்திருக்கிறார். அடுத்த நொடி மேலிருந்து தண்ணீர் கொட்டியது. எழுந்து பார்த்தால் குழுவே இவரைப் பாராட்டுகிறதாம். தண்ணீர் விழும் பாதையில் அகப்பட்டால் நிலத்தோடு நிலமாகப் படுக்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய விதி. அவர்கள் அதைப் பயிற்சியில் படித்திருந்தார்கள், அண்ணை வன்னியில் படித்திருந்தார்.

"ஹெலியிலை இருந்து தண்ணியும் விழும் எண்டு எனக்கு நாப்பத்தேழு வயசிலைதானடா தெரிஞ்சுது," என்று சொல்லிச் சிரித்தார். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பி லீக்ஸைச் சட்டியில் போட்டார்.

அந்தப் பயணத்தில் அவருடைய இடது காதும் கழுத்தும் வெந்திருந்தன. கட்டு மாற்றும்போது நான் பார்த்தேன். கூடப் பிறந்த அண்ணன் ஒருவனை யுத்தத்தில் ஏற்கெனவே பறிகொடுத்தவன் நான். இன்னொருவரைப் பறிகொடுக்க என்னிடம் தெம்பு இல்லை. சமையலறைப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் தட்டில் கற்பூரம் கொளுத்தி, சத்தியம் பண்ணுங்கோ என்று அவர் முன் நீட்டினேன். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு உள்ளங்கையால் கற்பூரத்தை அமர்த்தி அணைத்தார். தெற்குக்கு இனிப் போகமாட்டன், காணுமே என்று கேட்டார். ஓம், காணும், அது போதும் என்றேன். நெருப்பு அணைக்கிற கை அணைத்துச் செய்த சத்தியம், அது தப்பாது என்று நினைத்தேன். நான் ஒரு முட்டாள்.

அடுத்த கோடையில் லூர்து மாதாவுக்கு நேர்த்தி என்றார். காது ஆறியதற்காம். சைவக்காரர் லூர்துக்குப் போவது எங்களுக்குள் புதினமில்லை, பஸ் பிடித்துக்கொண்டு போகிறோம். கொன்ஜே, அதாவது லீவு, போட்டுக்கொண்டு அவர் போக, அவருடைய அடுப்பையும் நானே பார்த்தேன். பஸ்ஸில் கொறிக்கவென்று ஒரு பெரிய தகரப்பேணி நிறையப் பருத்தித்துறை வடை பொரித்துக் கொடுத்தேன். வரும்போது மாதா உருவத்தில் ஒரு பிளாஸ்டிக் போத்தலில் தீர்த்தம் கொண்டுவந்து, உன்ரை முழங்கால் நோவுக்குப் பூசடா என்றார். முகம் கறுத்திருந்தது, லூர்தில் சரியான வெயில் என்றார். உடுப்பில் புகை மணத்தது, அது மெழுகுதிரி என்றார். இதையும் நம்பினேன். மூன்று கோடையும் இதே கதைதான், மூன்று போத்தலும் எங்கள் சாமி அறையில் முருகனுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

செத்தவீட்டுக்கு முன் நிலையத்துக்குப் போனேன். சாந்த்ரின் கோப்பி ஊற்றித் தந்து இந்தக் கோடையைச் சொன்னார். காற்றுத் திரும்பி, இவர்கள் நாலு பேர் இருந்த வாகனத்தை நெருப்பு மறித்துவிட்டது. புகையில் மேலே ஹெலிகொப்டரில் இருந்த விமானிக்கு இவர்கள் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு மஞ்சள் பாறை, அதற்கு வலப்புறம் என்று அண்ணைதான் தன் உடைந்த பிரெஞ்சில் வானொலியில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். அந்த விமானி புகைக்குள் திரும்பத் திரும்ப வந்து, வாகனத்துக்கு முன்னால் தண்ணீரைக் கொட்டிக் கொட்டி வழி திறந்தார். அன்று மாலை ஹெலிகொப்டர்கள் நிற்கும் இடத்துக்கு அண்ணை நடந்தே போய், விமானிக்கும் இயந்திரக்காரருக்கும் ஒரு தகரப்பேணியை அப்படியே கொடுத்தாராம். அந்த வட்டமான மொறுமொறுப்புப் பலகாரம் நீங்கள் செய்ததுதானே என்று சாந்த்ரின் கேட்டார்.

ஹெலிகொப்டர்கள் தண்ணீர் மொள்ளும் துணித் தொட்டியில்தான் மாதா போத்தலையும் நிரப்புவார் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முழங்கால் நோ உண்மையிலேயே குறைந்திருந்தது, அது இன்னும் ஆத்திரமாக இருந்தது.

முகம் தெரியாத அந்த விமானியை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அந்த நாலு பேரையும் கும்பிடுகிறேன். யாரோ ஒருவருடைய வீட்டுக்காகத் தங்கள் உயிரைக் கொண்டுபோய் நெருப்புக்கு முன்னால் நிறுத்துகிறவர்கள் அவர்கள். அதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. என்னிடம் ஏன் மறைத்தார் என்பதுதான் என் வழக்கு. சாந்த்ரினிடம் அதையே கேட்டேன். தானும் ஒருமுறை அவரிடம் கேட்டதாகச் சொன்னார். சொன்னால் அவன் போகவேண்டாம் என்பான், அவன் வேண்டாம் என்றால் என்னால் போக முடியாது என்றாராம். என் சொல்லைத் தட்ட மனமில்லாதவர், என்னை ஏமாற்ற மட்டும் மனம் வைத்திருக்கிறார். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அண்ணை கல்யாணம் செய்யவில்லை. ஒரே தங்கை வன்னியில் இருந்து கைபேசித் திரையில் அழுதுகொண்டிருந்தார். கொள்ளி வைக்க ஐயர் என்னைத்தான் கூப்பிட்டார். இங்கே கொள்ளி என்பது சுவரில் இருக்கிற ஒரு பொத்தான். சாந்த்ரினும் மற்றவர்களும் சீருடையில் வரிசையாக நின்றார்கள். நெருப்பிடம் போகாதீர்கள் என்று அவரிடம் சத்தியம் வாங்கியவன் நான். அதை அவர் மூன்று தடவை மீறினார். நாலாவது தடவை மீறியது நான். பொத்தானை அழுத்தினேன், பெட்டி உள்ளே போனது.

மன்னித்துவிட்டாயா என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது இந்தக் கோபம் ஒன்றைத்தான். அதைக் கொட்டித் தீர்க்க எனக்கு இருந்த ஒரே ஆளும் அவர்தான்.