மட்காடு

பிள்ளை கால் முன்னால் வருகிறதென்று பரளச்சியிலிருந்து ஆள் வந்தபோது திருச்சுழியில் அடைமழை. வலியில் கிடந்தது என் கூடப் பிறந்த அக்கா. ஊரார் பிள்ளைகளையெல்லாம் கையில் ஏந்திய நர்சு நான். அன்றைக்குப் பையைப் பூட்டாமலே தூக்கிக்கொண்டு ஓடினேன்.

என் வீட்டுக்காரருக்கு மோட்டார் சைக்கிள் கிறுக்கு. உலகச் சண்டைக்கு முந்தி வாங்கிய வண்டியில் கியர் பெட்ரோல் டாங்கியை ஒட்டி இருக்கும். ஒரு கையை விட்டுத்தான் மாற்றுவார். நான் கண்ணை மூடிக்கொள்வேன். சண்டை முடிந்து ராணுவத்தார் ஏலம் விட்ட பச்சை வண்டியில் கியர் காலுக்கு இறங்கியிருந்தது. அதே கம்பெனியின் புது மாடல் வந்ததும் பச்சையை விற்றுத் தள்ளிவிட்டார். புதியதில் முன்னால் ஸ்பிரிங், சக்கரத்தை ஒட்டி மூடிய அகல மட்கார்டு. "இனிமே ஒஞ் சேலையில சொட்டுச் சேறு படாது" என்று ஊர்ப்பட்ட பெருமை.

அன்றைக்குப் பரளச்சிக்கு அதில்தான் கிளம்பினோம். அந்தப் பெருமை பாதி வழியில் நின்றுபோனது. கரிசல் மண் மட்கார்டுக்குள் அப்பி முன்சக்கரம் இறுகிவிட்டது. குச்சியால் நோண்டினார், நாலு முழம் உருண்டு மறுபடி நின்றது. பச்சை வண்டிக்கு மட்கார்டு தூக்கலாக இருக்கும், மண் தானாக உதிரும். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"அங்க ரெண்டு உசிரு ஊசலாடுது. இங்க வண்டிக்குச் சிங்காரம் கேக்குதாக்கும்" என்று கத்திவிட்டேன்.

சாக்கைத் தலையில் கவிழ்த்தபடி மண்வெட்டியும் கையுமாக வந்த சம்சாரி ஒருவர் குனிந்து பார்த்தார். "இதுக்குப் பேரென்னம்மா?"

"மட்காடு."

எங்கள் பக்கம் மானாவாரி நிலத்துக்குக் காடு என்றுதான் பேர்.

"பேருலயே காடு இருக்கே தாயி, மண்ணு ஏறாம என்ன செய்யும்? கழத்திப் போடுங்க."

என் வீட்டுக்காரர் ஸ்பானரை எடுத்தார். மட்கார்டை வரப்பில் போட்டுவிட்டுக் கிளம்பினோம். சக்கரம் வாரியடித்த சேறெல்லாம் எங்கள் முகத்தில். பரளச்சி வாசலில் அக்காவின் மாமியார் என்னை மறித்து, "யாரு நீ?" என்றார்.

"நாந்தான் அத்தை. வெந்நி எடுங்க."

கைகளைத் தேய்த்துக் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். கால் வந்தது, உடம்பு வந்தது, தலை சிக்கிக்கொண்டது. எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் திட்டிக்கொண்டே எடுத்தேன். பிள்ளை அழவில்லை. முதுகைத் தேய்த்தேன், பாதத்தைச் சுண்டினேன். பிறகு அது அழுதது, நானும் அழுதேன்.

வெளியே அவர் அதே சேற்று முகத்தோடு நின்றிருந்தார்.

"அக்கா?"

"நல்லாருக்கா. ரெண்டு பேரும் நல்லாருக்காக. மட்காட்டை எடுக்கப் போவோமா?"

"கெடக்கட்டும்" என்றார். "அதுக்குக் காடுதான் எடம்."