வேலுத்தாய் சொல்லாமல் விட்ட வரி

எம். புதுப்பட்டி வேலுத்தாய் திடப்படுத்தல் வகுப்பில் சேர்ந்தபோது அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. 2006 ஆகஸ்ட் மாதம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வேதக் கோயிலிலேயே பாயை விரித்து வகுப்பு நடக்கும். பதினோரு பேரில் பத்துப் பேர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அதில் ஒருத்தி அவள் மகள் ரோஜா.

கைக்குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றவள்தான் வேலுத்தாய். ஆனால் பன்னிரண்டு வயதில் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய்விட்டாள். பிறகு சோணைமுத்துவைக் கட்டிக்கொண்டு அவன் வீட்டுச் சாமியைக் கும்பிட்டாள். மூன்று வருஷத்துக்கு முன், அச்சங்குளம் பக்கத்தில் பட்டாசு மருந்து கலக்கும் அறை ஒன்று வெடித்ததில் சோணைமுத்து இறந்துபோனான். அதற்கப்புறம்தான் மகளோடு மறுபடி கோயிலுக்கு வரத் தொடங்கினாள். மகளுக்கும் ஞானஸ்நானம் ஆயிற்று. நற்கருணையில் அப்பமும் திராட்சரசமும் வாங்க மற்றவர்கள் முன்னால் போகும்போது, திடப்படுத்தல் எடுக்காத இவர்கள் இருவரும் பெஞ்சிலேயே இருப்பார்கள். அது அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ரோஜாவின் பெயரைக் கொடுக்கப் போனவள் தன் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

எழுத்து தெரியாதவள். ரோஜா வாசிக்க வாசிக்கக் கேட்டுப் பாடம் பண்ணினாள். பட்டாசு ஆலையில் சரம் பின்னும்போது கை ஒரு பக்கம் ஓட, வாய் பத்துக் கட்டளைகளை முணுமுணுக்கும். ஒரு மாதத்தில் பிள்ளைகளைவிடத் தெளிவாக ஒப்பித்தாள். விசுவாசப் பிரமாணத்தில் மட்டும் ஒரு இடம் விட்டுப்போகும். பாவமன்னிப்பு என்பதிலிருந்து நேராக நித்திய ஜீவனுக்குப் போய்விடுவாள். நடுவில் வரும் ‘சரீரம் உயிர்த்தெழுதலும்’ வராது.

போதகர் ரத்தினசாமிக்கு முப்பது வயதுதான். மறதி என்று நினைத்து, ரோஜாவிடம் அந்த வரியை நாலு தடவை சொல்லிக்கொடுக்கச் சொன்னார். மூன்றாவது ஞாயிறும் அது விட்டுப்போகவே, பிள்ளைகள் போன பிறகு அவளைத் தனியே நிறுத்திக் கேட்டார்.

“மறக்கலய்யா, வாய் வர மாட்டேங்குது,” என்றாள் வேலுத்தாய். “ஆஸ்பத்திரில எங்கிட்ட ஒரு துணி மூட்டையத்தான் குடுத்தாக. ரெண்டு படி அரிசி கனங்கூட இல்ல. அதுல அவரு எம்புட்டு இருந்தாருன்னு எனக்குத்தான் தெரியும். எதை வச்சுய்யா எந்திரிப்பாரு?”

“இதுக்குப் பதில் படிச்சிருக்கேன்கா. ஒங்க முன்னால அதைச் சொல்ல எனக்கு மனசு வரல,” என்றார் ரத்தினசாமி. வாயளவில் சொல்ல வேண்டாம், அந்த வரி வரும்போது சும்மா நின்றால் போதும், அதற்காகத் திடப்படுத்தல் நிற்காது என்றும் சொன்னார். வேலுத்தாய்க்கு அது ஆறுதலாக இல்லை. படித்தவர் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்றுதான் பட்டது.

திரும்பினால், பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு ரோஜா நின்றிருந்தாள். அப்பா தூங்குவதுபோல இருந்தார் என்றுதான் அவளிடம் வேலுத்தாய் மூன்று வருஷமாகச் சொல்லிவந்திருந்தாள்.

இரண்டு நாள் ரோஜா அம்மாவோடு பேசவில்லை. புதன்கிழமை சாயங்காலம் உலை வைத்துக்கொண்டிருந்தபோது, அப்பாவுக்கு எந்தக் காதோரம் தழும்பு என்று திடீரென்று கேட்டாள். இடது என்றாள் வேலுத்தாய். வலது என்றாள் மகள். அங்கிருந்து பேச்சு வளைந்த சுண்டுவிரலுக்குப் போயிற்று. வேர்க்குரு நிறைந்த கழுத்துக்கும், நிலைப்படியில் குனிந்து வரும் உயரத்துக்கும் போயிற்று. உயரத்தில் இருவருக்கும் ஒத்துவரவில்லை. கதவருகே நின்று கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினார்கள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவன் போன பிறகு அவனைப் பற்றி அவர்கள் இப்படிப் பேசியதே இல்லை. சோறு குழைந்துவிட்டது.

“எனக்கே இம்புட்டு ஞாவகம் இருக்கு. படச்சவருக்கு மறந்துருமாம்மா?” என்றாள் ரோஜா.

வேலுத்தாய் குழைந்த சோற்றை இறக்கி வைத்தாள். அதற்கப்புறமும் வகுப்பில் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டுதான் நின்றாள்.

தீபாவளி கழிந்து, நவம்பரில் திடப்படுத்தல் கொடுக்கப் பேராயர் வந்தார். பிள்ளைகளோடு வெள்ளைச் சேலையில் வேலுத்தாய் முன்வரிசையில் நின்றாள். சபை முழுவதும் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லிற்று. அந்த வரி வந்ததும் அவள் நின்றுவிட்டாள். மற்றவர்கள் சொல்லி முடித்து ஆமென் என்றார்கள். கோயில் அமைதியான பிறகு, “சரீரம் உயிர்த்தெழுதலும்,” என்று அவள் குரல் மட்டும் தனியாக, மெதுவாகக் கேட்டது. பின்னால் யாரோ கனைத்தார்கள். ரத்தினசாமி தலை நிமிரவில்லை. பேராயர் அவள் முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, அடுத்த ஜெபத்தைத் தொடங்கினார்.

முழங்காலில் நின்றபோது பேராயர் தலைமேல் வைத்த கை கனமாக இருந்தது என்று பிறகு ரோஜாவிடம் சொன்னாள். அன்றைக்கு இருவரும் ஒன்றாகப் போய் அப்பமும் ரசமும் வாங்கினார்கள்.

திங்கட்கிழமை ஆலையில், பக்கத்தில் சரம் பின்னும் முத்துப்பேச்சி, பேராயர் என்ன கொடுத்தார் என்று விசாரித்தாள்.

“ஒண்ணும் குடுக்கல. தலையில கைய வச்சாரு,” என்றாள் வேலுத்தாய். திரியை எடுத்துப் பின்னத் தொடங்கினாள்.