டீ குடிக்காத சாட்சி

"வைக்காதீங்கம்மா, ஆறிடும். ஆறிப்போன டீயைப் பாத்தா எனக்கு மனசு கேக்காது" என்று சொல்லிவிட்டு, துணிப்பையிலிருந்து தன் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகுகிறார் கோட்டு மாமா. எதிரே கட்டிலில் சாய்ந்திருப்பவர் உயிலில் கையெழுத்துப் போடப்போகிறார். அதற்கு மாமா சாட்சி. அந்த வீட்டில் அவர் தொண்டையில் இறங்குவது அந்தப் பாட்டில் தண்ணீர் மட்டும்தான். நாற்காலியில்கூட நுனியில்தான் உட்காருவார். சொத்தில் அதுவும் சேர்த்தியோ என்னவோ!

கோர்ட்டு வாசலுக்கு நேர் எதிரே, வக்கீல்களுக்குக் கறுப்புக் கோட்டு தைக்கும் கடை அவருடையது. கோர்ட்டுக்கு எதிரே கோட்டு. ஆகவே கோட்டு மாமா. பெற்றோர் வைத்த பெயர் வாக்குமூலத்தில் மட்டும் தலைகாட்டும். உயில் என்றால் இரண்டு சாட்சி வேண்டும்; அதில் ஒருவராக வக்கீல்கள் மாமாவைத்தான் கூப்பிடுவார்கள். உயிலால் சாட்சிகளுக்குக் கால் காசு ஆதாயம் இருக்கக்கூடாது. எழுதியவர் கண்ணை மூடிய பிறகு, சாட்சி கூண்டேறி "இது அவர் உயில்தான்" என்று சொன்னால்தான் கோர்ட்டு ஒப்புக்கொண்டு உத்தரவு தரும். வக்கீல்கள் அதைப் புரொபேட் என்பார்கள். மாமா வாயில் அது புரவட்டு.

ஆதாயம் கூடாது என்று யாரோ ஒரு வக்கீல் விளையாட்டாகச் சொன்னதை மாமா வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். "சாட்சி தொண்டையில ஒரு சொட்டு எறங்கினா உயிலுக்கு வயித்தவலி வந்துடும்" என்பார். டீக்கெல்லாம் சட்டம் கோபித்துக்கொள்ளாது என்று எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். "உங்களுக்குச் சட்டம் தெரியும். எனக்கு மனுஷங்களைத் தெரியும்" என்று ஊசியில் நூலைக் கோர்ப்பார்.

சாட்சி உயிரோடும் இருக்க வேண்டுமே! அந்தக் கவலையில் அவர் எண்ணெய்ப் பலகாரத்தை விட்டார், ஏணியில் ஏறுவதை விட்டார், மழையில் வெளியே போவதை விட்டார். "பொண்டாட்டிக்காக ஒருநாள் மாத்திரை முழுங்கினது இல்ல. முன்னபின்ன தெரியாதவங்க உயிலுக்காக வேளாவேளைக்கு முழுங்குறாரு" என்று அவர் வீட்டம்மா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வாள். மாமா ஒருமுறை தும்மியபோது கோர்ட்டுக்குள் வாதாடிக்கொண்டிருந்த மூன்று வக்கீல்கள் வழக்கைப் பாதியில் விட்டுவிட்டுத் தைலமும் கையுமாகத் தெருவைத் தாண்டி ஓடிவந்தார்களாம். மூன்று பேர் என்பது கொஞ்சம் கூடுதல்தான். தும்மல் நிஜம்.

அவருக்கு முகம் நினைவில் நிற்காது, சட்டை நிற்கும். எந்த உயிலைக் காட்டினாலும், எழுதியவர் அன்று போட்டிருந்த சட்டையின் காலர் எப்படித் தேய்ந்திருந்தது, கோடு போட்டதா கட்டம் போட்டதா என்று அதிலிருந்து பிடித்துக்கொண்டு வந்துவிடுவார். அப்படிப்பட்டவரையே ஒரு சட்டைதான் கவிழ்க்கப் பார்த்தது.

அது ரயில்காரருடைய சட்டை. ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர். மூத்த மகன் போய்ச்சேர்ந்த பிறகு, அவருக்குச் சோறு போட்டு, காலில் மருந்து தடவி, கூடவே இருந்தவள் மூத்த மருமகள். முன்னறையில் அக்கம்பக்கத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் பிழைப்பு. வீட்டை அவளுக்கென்று எழுதிவைத்தார் பெரியவர். அவர் போனதும் இளைய மகன் வந்து, அது அப்பா கையெழுத்தே இல்லை என்று கோர்ட்டில் நின்றான். உயில் விழுந்தால் வீட்டை விற்றுப் பங்கு போடுவது என்று முடிவாக இருந்தான். இன்னொரு சாட்சியான பல் வைத்தியரும் காலமாகிவிட்டார். "பல்லு போனா கட்டிக்கலாம், சாட்சி போனா என்னத்தைக் கட்டுறது?" என்று துக்கம் விசாரிக்கப் போன இடத்திலேயே மாமா கேட்டுவிட்டு வந்தார். ஆக, அந்த உயிலுக்கு இனி மாமா ஒருவர்தான்.

சம்மன் வந்த அன்று அவர் ஒரு கோட்டின் இடது கையை வலது பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டார். வீட்டம்மா அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"இதை எந்த வக்கீலுக்குப் போடப்போறீங்க? நண்டுக்கா?"

"அந்த ரயில்காரர் உயிலு..." என்று இழுத்தார் மாமா. "அவரு கையெழுத்துப் போட்டப்ப நான் பாக்கலை."

"பக்கத்துலதானே இருந்தீங்க?"

"பக்கத்துலதான். குனிஞ்சுகிட்டு இருந்தேன்."

"பாத்தேன்னு சொல்லிடுங்க. ஒரு வார்த்தைதானே? பாவம், அந்தப் பொண்ணு எங்க போவா?"

"கேக்குறது நீயா இருந்தா சொல்லிடுவேன். உன்கிட்ட எத்தனை பொய் சொல்லியிருக்கேன்! கூண்டுல ஏறிச் சொல்ல வராது."

மருமகளுக்காக வாதாடும் வக்கீலம்மாவிடமும் அவர் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இப்படிச் சொல்லுங்கள், அப்படிச் சொல்லுங்கள் என்று பாடம் நடத்துவார்கள். பாடம் படித்துவிட்டு வருகிறவன் சாட்சியா என்பது அவர் கட்சி.

கூண்டில் ஏறியபோது மருமகள் முன்வரிசையில் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். அவர் போட்டிருந்த கோட்டும் மாமா தைத்ததுதான். அக்குளில் தையல் விட்டிருந்தது. இந்த நேரத்திலும் அது மாமா கண்ணில் பட்டது.

"அவர் உயில்ல கையெழுத்துப் போட்டதை உங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாக்கலீங்க."

மருமகளின் விரலில் சுற்றியிருந்த தலைப்பு அப்படியே நின்றது. இளைய மகன் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தான். வக்கீல் அதோடு உட்கார்ந்திருக்கலாம். ஜெயித்த குஷியில் இன்னொன்றும் கேட்டுவைத்தார்.

"பின்ன, எதைப் பாத்துகிட்டு இருந்தீங்க?"

"அவரு மணிக்கட்டுப் பட்டனைங்க."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி மட்டும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. "என்ன நடந்துதுன்னு முழுசாச் சொல்லுங்க" என்றார்.

மாமா சொன்னார். பெரியவர் சட்டையின் இடது கையில் மணிக்கட்டுப் பட்டன் தொங்கிக்கொண்டிருந்தது. "பட்டன் இல்லாம உயில் எழுதினா, கெழவனுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சுன்னு எவனாவது கிளப்பிவிடுவான். தைச்சுவிடய்யா" என்றார் பெரியவர். மாமா சட்டைப்பையில் குத்திவைத்திருந்த ஊசியை எடுத்தார். குனிந்து தைத்துப் பல்லால் நூலைக் கடிப்பதற்குள், பொறுமையில்லாத மனிதர் வலது கையால் கையெழுத்தை இழுத்துவிட்டார்.

"நிமிந்து பாக்குறேன், மை காயாம மினுங்குது. எனக்குப் பகீர்னு ஆயிடுச்சுங்க. அவரு காகிதத்தை என் பக்கமாத் திருப்பி, 'பாருய்யா, என் கையெழுத்துதான். பேனா வழுக்கி வாலு நீண்டுபோச்சு. நாளைக்கு எவனாவது கேட்டா வாலையும் சேத்துச் சொல்லு'ன்னாரு. அதுக்கப்புறந்தான் நானும் பல் டாக்டரும் போட்டோம்."

நீதிபதி உயிலைக் கண்ணருகே கொண்டுபோனார். கையெழுத்தின் கடைசி எழுத்து, ரயிலின் கடைசிப் பெட்டி தடம் புரண்ட மாதிரி கோட்டைத் தாண்டிக் கிடந்தது.

"உயிலை உங்ககிட்ட காட்டி, தன் கையெழுத்துன்னு அவரே வாயால சொன்னாரா?"

"சொன்னாருங்க. வாலோட சொன்னாரு."

போடும்போது பார்த்தாலும் சரி, போட்டவரே சாட்சியிடம் காட்டித் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டாலும் சரி, சட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான் என்றார் நீதிபதி. எதிர்த்தரப்பு வக்கீல் கையைத் தூக்கி ஏதோ சொல்லப் போனார். அக்குளில் மிச்சமிருந்த தையலும் விட்டுப்போனது. இத்தனை வருஷமாகத் தனக்கு இந்தச் சட்டத்தை யாரும் சொல்லவில்லையே என்று மாமா கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

புரொபேட் வந்தது. வீடு நின்றது. முன்னறையில் குழந்தைகளின் கூச்சலும் நின்றபாடில்லை.

போன வாரம் மருமகள் கடைக்கு வந்தாள். ஒரு கையில் பிளாஸ்க், மறு கையில் கிளாஸ்.

"அண்ணே, அன்னிக்கு எங்க வீட்டுல டீயைத் தொடவே இல்ல நீங்க. என் கைல வாங்கிக் குடிக்கப் பிடிக்கலையாக்கும்னு எத்தனை நாள் மனசுல வச்சிருந்தேன் தெரியுமா? கோர்ட்டுலதான் வக்கீலம்மா வெவரம் சொன்னாங்க."

"உத்தரவு கைக்கு வந்துடுச்சாம்மா?"

"வந்துடுச்சு."

"உன் கொழுந்தன் அப்பீல் போனா?"

"அதுக்குக் கெடுவும் முடிஞ்சுபோச்சு, அண்ணே."

மாமா ஊசியைச் சட்டைப்பையில் குத்தினார். தெருவுக்கு அப்பால் கோர்ட்டு வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து, நாற்காலியைக் கோர்ட்டுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, கிளாசுக்குக் கையை நீட்டினார்.