பள்ளத்தில் ஊசலாடிய லாரி

கங்கம்மாள் நகரி நெசவுக்காரர் வீட்டுப் பெண். சென்னையில் பி.எஸ்ஸி. முடித்து, 1958-ல் கார்வேட்டிநகரத்துப் பள்ளியில் பௌதிக டீச்சராகச் சேர்ந்தாள். தெலுங்கு சந்தைக்குப் போதுமான அளவு வரும். பாடம் நடத்தும்போதுதான் நாக்கு தடுக்கும்.

அந்த ஆனி மாதம் பாலசமுத்திரத்தில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு, எல்லைச் சோதனைச் சாவடி அருகே காலை பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். சாவடி ஒரு பள்ளத்தில் இருக்கிறது. இரண்டு பக்கமும் சாலை மேடு. மேற்கு மேட்டிலிருந்து மாங்காய் ஏற்றிய லாரி ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு இறங்கியது. மூங்கில் தடுப்பை முறித்துக்கொண்டு எதிர் மேட்டில் ஏறியது. ஒரு புளியமரத்தருகே நின்றது. அப்படியே பின்னால் உருண்டு வந்து, மறுபடி முன்னால் போய், இரண்டு மூன்று தடவை ஊசலாடிவிட்டுச் சாவடி வாசலிலேயே அடங்கியது. மாங்காய்கள் சாலையெல்லாம் உருண்டன.

புழுதி அடங்கியபோது லாரியருகே டிரைவர் பச்சையப்பன் தண்ணீர் டின்னோடு மூச்சிரைக்க நின்றிருந்தான். நாராயணவனத்துக்காரன்.

"ரேடியேட்டருக்குத் தண்ணி மொண்டுக்கினு இருந்தேன். பிரேக் கம்பி அறுந்து வண்டி தானா வந்துட்ச்சி!"

காவலர் திருமலை நம்பவில்லை. "இவன்தான் ஓட்டிக்கினு வந்தான். அம்பது மைல் வேகம். சோதனைக்கு நிக்காம தப்பிக்கப் பார்த்தான்" என்று புகார் எழுதி, லைசென்ஸையும் பிடுங்கிச் சித்தூருக்கு அனுப்பிவிட்டார்.

பத்தாம் நாள் சித்தூரிலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். கங்கம்மாள்தான் சாட்சி.

"டிரைவர் உள்ளே இருந்தாரா, டீச்சர்காரு?" என்று தெலுங்கில் கேட்டார்.

"புழுதியில் தெரியலை, சார். ஆனா எஞ்சின் ஓடலைன்னு கணக்குப் போட்டுச் சொல்லலாம்."

"கணக்கா?"

பச்சையப்பனின் முகம் வாடிப்போனது. அவனுக்குக் கணக்கென்றால் பள்ளிக்கூடத்துப் பிரம்படிதான் ஞாபகம்.

அவள் நகரியிலிருந்து நூல்கண்டும், ஒரு கொத்தனாரிடம் ரசமட்டமும் வாங்கி வந்திருந்தாள். பச்சையப்பன் ஒரு முனையைப் பிடிக்க, திருமலை மறுமுனையைப் பிடிக்க, நூலை மட்டமாக்கி மேட்டைப் படிப்படியாக அளந்தார்கள். லாரி கிளம்பிய இடம் சாவடியைவிடப் பதினாறு அடி உயரம். புளியமரத்தடி ஒன்பதரை அடி.

"உயரத்துல நிக்கிற வண்டிக்கு உயரத்தால ஒரு சக்தி இருக்கு. இறங்க இறங்க அது வேகமா மாறுது" என்றாள். தெலுங்குச் சொல் தெரியாதே என்று தயங்கித்தான் தொடங்கினாள்; 'சக்தி' இரண்டு மொழிக்கும் ஒன்றுதான் என்பது சொல்லும்போதே உறைத்தது. குரல் நிமிர்ந்தது. "பதினாறை, பூமியோட இழுப்புக்கான முப்பத்திரண்டால பெருக்கி, அதை ரெண்டால பெருக்குங்க. ஆயிரத்து இருபத்துநாலு. அதுக்கு வர்க்கமூலம் முப்பத்திரண்டு. செகண்டுக்கு முப்பத்திரண்டு அடி. மணிக்கு இருபத்திரண்டு மைல்கூட இல்லை. உருண்டு வந்தா அதுக்கு மேல வேகம் வராது."

"லோடு எவ்ளோ கனம்! அதைச் சேர்க்கலியே?" என்றார் திருமலை.

"கனம் கணக்கோட ரெண்டு பக்கத்துலயும் வருது, அண்ணே. அடிச்சிடலாம். காலி வண்டிக்கும் இதே வேகம்தான். நீங்க சொன்ன அம்பது மைல்ல வந்திருந்தா எண்பது அடிக்கு மேல ஏறியிருக்கணும். இந்த மேடே இருபது அடி. வண்டி ஊருக்குள்ள போயிருக்கும்."

"பிரேக் போட்டு நிறுத்தியிருப்பான்."

"போட்டிருந்தா எதுக்குப் பின்னால உருளும்?"

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாகுந்தி, நல்லா இருக்கு. ஆனா நான் கண்ணால பார்க்கணும்."

பழுது பார்த்த லாரியை அதே இடத்தில் நிறுத்தினார்கள். புதுத் தடுப்பைத் தூக்கிக் கட்டினார்கள். பச்சையப்பன் எஞ்சினைப் போடாமல் ஸ்டியரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டான்.

"இந்தத் தடவை புளியமரத்தைக் கொஞ்சம் தாண்டும்" என்றாள் கங்கம்மாள். "அன்னைக்குத் தடுப்பை உடைச்சதுல கொஞ்சம் சக்தி போச்சு."

பிரேக்கை விட்டான். லாரி இறங்கியது, ஏறியது, மூச்சு வாங்குவதுபோல் மெதுவாகி, புளியமரத்துக்கு அப்பால் பதினோரு தப்படியில் நின்று, பின்னால் உருளத் தொடங்கியது. வேடிக்கை பார்த்த கூட்டம் விசிலடித்தது. அவ்வளவு பெரிய பொருளை வைத்துக் கங்கம்மாள் எந்தச் சோதனையும் செய்து பார்த்ததில்லை.

திருமலை தலையைச் சொறிந்தார். "உண்மையச் சொல்லிடறேன் சார். கண்ணசந்துட்டேன். சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன்."

"அப்போ ரெண்டு நாளா இவருக்கு மாத்து ஆள் வரலைன்னு அக்கா வீட்டுல சொன்னாங்க, சார்" என்றாள் கங்கம்மாள். "அதையும் எழுதிக்குங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். பச்சையப்பனின் லைசென்ஸை அங்கேயே திருப்பிக் கொடுத்தார். அவன் அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தான், எடுத்துப் பார்த்தான், மறுபடி வைத்தான்.

"டீச்சர், அந்த அடிச்சிடறதை மட்டும் இன்னொரு வாட்டி சொல்லு" என்றார் திருமலை. "இவ்ளோ கனம் எங்கதான் போச்சி?"

பஸ் வரும்வரை அவள் மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தாள். அதிகாரியும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.