மூணாந் தண்ணி

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் பள்ளிக்கூடக் காம்பவுண்டுக்குள் ஒரு கண்ணாடி வீடு இருந்தது. அதில் குடியிருந்தது சீமைத் தக்காளி. இடித்த பழைய பங்களாவின் சன்னல்களை நாலு பக்கமும் நிறுத்தி, மேலேயும் கண்ணாடி பதித்து, மிஷன் பள்ளியை நடத்திய வெள்ளைக்கார மிஸியம்மா அதைக் கட்டியிருந்தார். மலையிலிருந்து இறங்கும் குரங்குகளுக்குப் பயந்துதான். விடிந்த கொஞ்ச நேரத்தில் கோயில் கோபுரத்தின் நிழல் அந்தக் கண்ணாடிகளில் துண்டு துண்டாகத் தெரியும். கதவைத் திறந்தால் தக்காளி இலையின் கார வாடை முகத்தில் வந்து படியும். இன்றைக்கும் அந்த வாடை பட்டால் நான் இருபத்திரண்டு வயது டீச்சராகிவிடுகிறேன்.

நடந்தது முப்பதுகளின் கடைசியில், ஒரு தை மாதம். என் நாட்குறிப்பில் கிழமை இருக்கிறது. தேதி எழுதிய மூலையில் மட்டும் தண்ணீர் பட்டு மை கலைந்திருக்கிறது. அது எந்தத் தண்ணீர் என்பது எனக்குத் தெரியும்.

கூரைக்குக் கீழே மழையும் இல்லை, பனியும் இல்லை. இருபத்திரண்டு செடிகளும் ஊற்றுகிற கையை நம்பித்தான் நின்றன. அந்தக் கை மம்சாபுரத்து அக்கா ஒருவருடையது. கணவர் இறந்தபின் மகளோடு அண்ணன் வீட்டில் ஒதுங்கியிருந்தவரை நான்தான் அந்த வேலைக்குச் சிபாரிசு செய்தேன். மிஸியம்மா ஒரு நிபந்தனை போட்டார். மாசி வரைக்கும் செடிகளைக் காப்பாற்றினால் காம்பவுண்டில் ஓர் அறை, மகளுக்குப் பள்ளிக்கூடம். இல்லாவிட்டால் பழையபடி அண்ணன் வீடு.

மிஸியம்மா மூன்று வாரம் ராஜபாளையம், செட்டியார்பட்டிப் பக்கத்து ஊர்களுக்கு முகாம் போனார். போகும்போது இங்கிலீஷில் ஒரு சீட்டு எழுதி என்னிடம் தந்தார்: இலை நனையக்கூடாது, தூரில் மட்டும் ஊற்ற வேண்டும். அக்காவிடம் அதைச் சொல்லப்போன நேரம் பள்ளி மணி அடித்துவிட்டது. அவசரத்தில், "தலைக்கு ஊத்த வேண்டாம்க்கா, காலுக்கு மட்டும் ஊத்துங்க" என்றேன்.

அக்கா என் முகத்தையே பார்த்தார். எம்புட்டு நாளைக்கு என்று கேட்டார். மிஸியம்மா வரும்வரை என்றேன். பூவாளியை மெதுவாகக் கீழே வைத்து, இலைகளில் புதிதாகத் தெரிந்த கரும்புள்ளிகளைத் தொடாமல் பார்த்தார். நான் வகுப்புக்கு ஓடினேன்.

எங்கள் பக்கத்தில் தலைக்கு ஊற்றாதே என்று யாரைச் சொல்வார்கள்? அம்மை கண்டவரைத்தான். அந்த வீட்டில் தாளிக்க மாட்டார்கள்; புள்ளி காய்ந்தபின் மூன்று முறை வேப்பிலைத் தண்ணீர் தலைக்கு ஊற்றித்தான் அம்மையை இறக்குவார்கள். பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த விஷயம் அன்று மட்டும் மறந்துபோயிற்று.

பரீட்சைத் தாள்களில் மூழ்கியிருந்த எனக்கு விஷயம் வந்ததே பள்ளிச் சமையற்காரர் வாயிலாகத்தான்.

"டீச்சரம்மா, மம்சாபுரத்தா என்னைய தாளிச்ச கையோட கண்ணாடி வீட்டுக்குள்ள வராதேங்குதா. செடிக்கு எளநி வாங்கியாரவான்னு கேட்டேன், மொறைக்கா."

போய்ப் பார்த்தேன். நிலைப்படியில் வேப்பங்கொத்து. தரையெல்லாம் மஞ்சள் தண்ணீர். புள்ளி காய்ந்துவிட்டது என்று அக்காவே கணக்குப் பார்த்து, வேப்பிலை போட்ட தண்ணீரைச் செடிகளின் தலையில் இரண்டு முறை ஊற்றியிருந்தார். எது கூடாதென்று சீட்டில் இருந்ததோ அதே காரியம். அது போதாதென்று மிஷன் காம்பவுண்டு வாசலில் வேப்பிலை வேறு. அதைப் பார்த்தால் மிஸியம்மா என்ன நினைப்பார்? அறையும் போச்சு, பள்ளிக்கூடமும் போச்சு. கொத்தை அவிழ்க்கச் சொல்லிக் கெஞ்சினேன்.

"மூணாந் தண்ணி ஊத்தாம எறக்கப்படாது டீச்சரம்மா. பாதியில விட்டா திரும்பிரும்."

சனிக்கிழமை அந்த மூன்றாம் தண்ணீருக்குப் பூவாளியை நிறைத்துக்கொண்டிருந்தார் அக்கா. மிஸியம்மா சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முந்தி ரயிலில் வந்து, செருப்புப் புழுதியோடு நேரே அங்கே வந்து நின்றார். கையில் நாட்குறிப்போடு நானும் ஓடினேன். இது என்ன என்று என்னிடம் இங்கிலீஷில் கேட்டார். பூச்சி வராமல் இருக்க என்று சொல்லத் தொடங்கினேன்.

"நீங்க என்ன சொல்லுதிய அவியகிட்ட?" என்றார் அக்கா. பூவாளி அவர் கையில் ஆடி, என் நாட்குறிப்பின் மேல் சிந்தியது.

பொய் பாதியில் நின்றுவிட்டது. தப்பு என் வார்த்தையில்தான் என்று முழுவதும் சொன்னேன். தலைக்கு ஊற்றுவது என்றால் எங்களுக்கு என்ன அர்த்தம் என்பதையும் சொன்னேன்.

மிஸியம்மா நிலைப்படிக் கொத்தின் அருகே போனார். அதற்கு முந்தின வருஷம் அவருக்கே அம்மை கண்டிருந்தது. காம்பவுண்டுப் பெண்கள் பங்களா வாசலில் இதே இலையைக் கட்டிவிட்டு, முறை வைத்து உட்கார்ந்து விசிறினார்கள். அவர் அன்று வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தார். பிறகு, படித்துக் கற்ற தமிழில் அக்காவிடம் நேராகவே கேட்டார்:

"மூன்றாம் தண்ணீர் இன்றைக்கா?"

"ஆமாம்மா."

"அப்படியானால் ஊற்றுங்கள்."

பதினாறு செடி தேறியது, ஆறு பட்டுப்போனது. வேப்பிலையால் தேறியதா, ஆறு பட்டதே அந்தத் தண்ணீரால்தானா, நான் எந்தப் பக்கமும் சாட்சி சொல்ல மாட்டேன். மாசியில் முதல் பழம் பறித்தார்கள். தாளித்த கையோடு சமையற்காரர் அதை வாங்க வந்தபோது அக்காவே கதவைத் திறந்துவிட்டார்.

மை கலைந்த பக்கத்துக்குப் பல பக்கம் தள்ளி, அதே மாசியில் ஒரு திங்கட்கிழமை, ஒரே வரி எழுதியிருக்கிறேன்: அக்கா மகள் முதல் வகுப்பில் சேர்ந்தாள், மூன்றாவது பெஞ்சு.