மூலையில் நின்ற தண்ணி

பசங்களா, யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் அப்பா பாத்ரூமுக்குள்ளே போனால் லேசில் வெளியே வருவதில்லை என்று நீங்க ரெண்டு பேரும் சிரிக்கிறீங்க. போன மாசம் உங்க அத்தை வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பெரியவள், "அம்மா, அப்பா மறுபடியும் மக்க எடுத்துட்டாரு!" என்று கத்தினதில் பந்தியில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை. தரையில் ஒரு மக் தண்ணி ஊற்றுவேன். அது எந்தப் பக்கம் ஓடுது, எங்கே போய் நிக்குது என்று பார்ப்பேன். உங்க அத்தை வீட்டில் கதவோரமாக நின்றது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உங்க மாமா என்னோடு பேச மாட்டார்.

ஏன் இந்தப் பழக்கம் என்று சின்னவன் கேட்டான். வாயால் சொன்னால் பாதியில் எழுந்து போயிடுவீங்க, அதனால் எழுதுகிறேன். நான் ஒன்பதாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்குங்க. விஷயத்தைத் திருத்தாதீங்க.

டைல்ஸ் வேலைக்கு வந்து பன்னிரண்டு வருஷம் நான் ஒரே மேஸ்திரியிடம் இருந்தேன். ஹால், படுக்கையறை, வராண்டா எல்லாம் என் கை. ரசமட்டத்தை எந்த மூலையில் வைத்தாலும் உள்ளே இருக்கிற குமிழி நடுவில் வந்து நிற்கும். கோலி குண்டை வைத்தால் வைத்த இடத்தை விட்டு அசையாது. பாத்ரூமை மட்டும் மேஸ்திரி என்னிடம் விட மாட்டார். "நீ மட்டத்துக்குப் பொறந்தவன். பாத்ரூமுக்கு வாட்டம் வேணும்டா" என்பார். வாட்டம் என்றால் சரிவு. பார்க்கிற கண்ணுக்குத் தெரியக் கூடாது, தண்ணிக்குத் தெரிய வேண்டும். எல்லாச் சுவரிலிருந்தும், தண்ணி வெளியே போகிற ஓட்டையை மூடியிருக்கும் ஜாலியை நோக்கித் தரை இறங்க வேண்டும்.

டவுனில் பல பேர் அந்த வேலையை வடக்கேயிருந்து வந்த பசங்களிடம்தான் கொடுத்தார்கள். "உங்க ஆளுங்களுக்கு டீ குடிக்கவே நேரம் சரியா இருக்கு" என்று ஒரு இன்ஜினியர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். அந்தப் பசங்க நன்றாகச் செய்கிறார்கள், நான் மறுக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் பாஷை எனக்குத் தெரியாது, கை தெரிந்தது. அவர்களுக்கு வருவது எனக்கு ஏன் வராது? ஒரு பாத்ரூமை முழுக்க என் கையால் போட்டு, ஒரு சொட்டு நிற்காமல் காட்ட வேண்டும். அப்போது எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

சாரம் என்கிற ஏரியாவில் ஒரு வீட்டில் அந்த வாய்ப்பு வந்தது. வீட்டுக்காரம்மா வயதானவர். அவர் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று இறந்துபோனவர். சொல்தா வீடு, அதாவது பட்டாளத்துக்காரர் வீடு என்றுதான் தெருவில் சொல்வார்கள். பிள்ளைகள் பிரான்சில். நாங்கள் அவரை மதாம் என்று கூப்பிடுவோம். மூட்டு வலியோடு கோல் ஊன்றி நடப்பார். பழைய பாத்ரூமில் ஒரு தரம் வழுக்கி விழுந்தவர். "தண்ணி நிக்கக் கூடாதுப்பா, எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்று முதல் நாளே சொன்னார். மேஸ்திரிக்கு அந்த வாரம் இன்னொரு இடத்தில் வேலை. "சரி, போட்டுத்தான் பாரேன்" என்று என்னிடம் விட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் தரையை முடித்தேன். சனிக்கிழமை காலை மேஸ்திரி வந்தார். அவர் எதிரில் ஒரு மக் தண்ணியை மெதுவாக ஊற்றினேன். தண்ணி நேராக ஜாலிக்குப் போனது. நான் நிமிர்ந்து மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் குழாய்க்குக் கீழே இருக்கிற மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணி தங்கியிருந்தது. விரலால் தள்ளினேன். போன மாதிரி போய்விட்டுத் திரும்பி வந்தது.

அந்த இடத்தில் ரசமட்டத்தை வைத்தேன். குமிழி நட்ட நடுவில் நின்றது. கடைசி வரிசை போடும்போது களைப்பில் கை தன் பழக்கத்துக்குப் போயிருக்கிறது. பன்னிரண்டு வருஷம் மட்டம் பண்ணிய கை, ரப்பர் சுத்தியால் தட்டித் தட்டி அந்த மூலையையும் மட்டம் பண்ணிவிட்டது. எதில் நான் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கினேனோ, அதுவே வந்து கெடுத்துவிட்டது.

"அட, கையளவு தண்ணி. வைப்பரால தள்ளுனா போயிடும். சந்துல கிரவுட் அடிச்சிட்டுக் கெளம்பு" என்றார் மேஸ்திரி.

"எடுத்துட்டுத் திருப்பிப் போடணும்ணே."

"என்னாது?"

"மூலையில ஒம்போது டைல்ஸ். எடுத்துட்டு…"

"ஏன்டா, தலையில டைல்ஸ் கீல்ஸ் விழுந்துடுச்சா? எந்தப் பாத்ரூம்ல தண்ணி நிக்காம இருக்கு? எங்க வீட்டுலயே நிக்குது!"

சத்தம் கேட்டு மதாம் வந்தார். மேஸ்திரி உடனே சிரித்துக்கொண்டு, "ஒண்ணும் இல்ல மதாம். ஒரு வைப்பர் வாங்கி வச்சிக்குங்க, போதும்" என்றார். மதாம் மூலையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "பரவால்லப்பா, நான் பாத்து நடந்துக்கறேன்" என்றார்.

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நான் சரியாகப் போடாத தரையில், ஏற்கெனவே விழுந்து எழுந்தவர், பார்த்து நடக்க வேண்டுமாம்.

"நீங்க பாத்து நடக்க வேணாம் மதாம். பாக்காம நடக்கற மாதிரி போட்டுத் தரேன்" என்றேன்.

மேஸ்திரி முகம் மாறிப்போனது. "வீட்டுக்காரங்க எதிர்ல என்னை வேல தெரியாதவன் ஆக்கறியா? எடுக்கறதுன்னா நீயே எடு, நீயே போடு. திங்கக்கெழம என் சைட்டுப் பக்கம் வராத."

"வரலண்ணே."

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் டைல்ஸை நெம்புகிற தகட்டுப் பட்டியைக் கையில் எடுத்தேன்.

பெட்டியில் மிச்சம் ஆறு டைல்ஸ்தான். அந்த டிசைன் கடையில் தீர்ந்துபோயிருந்தது. ஒன்பதில் மூன்றையாவது உடையாமல் எடுத்தாக வேண்டும். கலவை ஒரு நாள் பழசு, இன்னும் பச்சைதான் என்கிற தைரியத்தில் ஓரத்தில் பட்டியை நுழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினேன். முதல் இரண்டும் உடைந்தன. மூன்றாவது முழுசாக வந்தது. மொத்தத்தில் நான்கு தேறியது. கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மதாம், "எங்க வீட்டுக்காரர் பூட்ஸுக்குப் பாலிஷ் போடுவாரு, புடிக்கலன்னா தொடச்சிட்டு மறுபடியும் போடுவாரு. அப்ப அவரு மூஞ்சி இப்பிடித்தான் இருக்கும். கிட்ட போனா கடிச்சிடுவாரு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியில்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நம்முடைய வாடகை வீட்டு மொட்டைமாடியில் மணலைப் பரப்பி, உடைந்த டைல்ஸை வைத்துப் பழகினேன். குமிழி நடுவில் நிற்கக் கூடாது, சுவர்ப் பக்கத்துக் கோட்டைத் தொட்டு நிற்க வேண்டும். தெரிந்த விஷயம்தான். கைக்குத்தான் தெரியவில்லை. கொஞ்சம் அசந்தால் போதும், குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு வந்த உங்க அம்மா பையோடு படியேறி வந்து பார்த்தாள்.

"வேலையும் போச்சு, இப்ப மண்ணுல வெளையாட ஆரம்பிச்சிட்டீங்களா? பாருங்க, உங்களப் பாத்து இவனும் எறங்கிட்டான்."

சின்னவன் ஜட்டியோடு, நான் டைல்ஸ் மேல் ஊற்றிய தண்ணியில் உட்கார்ந்திருந்தான். உனக்கு ஞாபகம் இருக்காது.

கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு உங்க அம்மா மக்கைப் பிடுங்கிக்கொண்டாள். "நீங்களே ஊத்தி நீங்களே பாஸ் போட்டுக்கிட்டா எப்பிடி? நான் ஊத்தறேன், நீங்க தட்டுங்க." நான் தட்டினேன், அவள் ஊற்றினாள். "நிக்குது" என்றாள். பெயர்த்துவிட்டு மறுபடியும் வைத்தேன். "இன்னும் நிக்குது." எத்தனை தரம் என்று தெரியாது. மீன் குழம்பு அன்றைக்கு மூன்று மணிக்குத்தான் ஆனது. சாப்பிடும்போது அவள், "கடைசி நாலு தரம் நிக்கல. நான் சும்மா சொன்னேன், உங்க கை நல்லா பழகட்டும்னு" என்றாள்.

திங்கட்கிழமை ஒன்பது டைல்ஸையும் திருப்பிப் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் கையை நிறுத்தி நிறுத்தி வைத்தேன். ஒரு மணி நேர வேலை அரை நாள் ஆனது. இரண்டு நாள் காயவிட்டு, புதன்கிழமை சாயங்காலம் போனேன். மதாம் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு மாதா கோயிலுக்குப் பூசைக்குக் கிளம்பிவிட்டார். பாத்ரூமுக்குள் போகத் தைரியம் வராமல், பின்பக்கக் குழாயில் கரண்டியையும் பட்டியையும் கழுவிக்கொண்டே இருந்தேன். அப்போது மேஸ்திரி போன் பண்ணினார்.

"பெரிய அபார்ட்மென்ட் வேல புடிச்சிருக்கேன். வந்து, தப்பாப் பேசிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுச் சேந்துக்க."

"தப்பாப் போட்டேன்ணே. தப்பாப் பேசல."

"திமிருடா உனக்கு."

"ஆமாண்ணே" என்றேன். வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு எனக்கென்று வேலை வர மூன்று மாசம் ஆனது. அந்த நாட்களில் நம் வீடு எப்படி இருந்தது என்று பெரியவளுக்குத் தெரியும். நான் அவரிடம் போய் நிற்கவில்லை. இன்றைக்குக் கூப்பிட்டாலும் அதே பதில்தான். கை இப்போதும் சில நாள் மட்டத்துக்கு ஓடும், பிடித்து இழுத்து வருகிறேன். நீங்க என்ன வேலைக்கு வேண்டுமானாலும் போங்க. ஆனால் நீங்க செய்ததில் குறை இருப்பது உங்க கண்ணுக்கே தெரியும்போது, பக்கத்தில் இருப்பவன் "இது போதும்" என்றால் கேட்காதீங்க. அவன் உங்களுக்குச் சம்பளம் கொடுப்பவனாக இருந்தாலும் சரி.

அன்றைக்குப் போனை வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். வீட்டில் யாரும் இல்லை. குழாய்க்குக் கீழே அந்த மூலையில் ஒரு மக் தண்ணி ஊற்றிவிட்டுக் குந்தி உட்கார்ந்தேன். தண்ணி சுவரை விட்டு இறங்கி, மெலிந்து, கோடாகி, ஜாலிக்குள் போய் முடிந்தது. தோளில் கிடந்த துண்டின் முனையை மூலையில் வைத்து அழுத்தி எடுத்துப் பார்த்தேன். ஈரம் ஒட்டியிருந்தது, தண்ணி இல்லை. எழுந்து இன்னொரு மக் மொண்டு ஊற்றினேன்.